சைலன்சரைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சொன்னால் பலர் நம்புவதில்லை. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜனும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து நீராவியாகிப் புகையோடு வெளியே வருகின்றன. வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த ஆவி அப்படியே போய்விடும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வண்டியில், சைலன்சர் சூடாவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தங்கி, புகையின் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. மேலே குரோம் பளபளத்துக்கொண்டிருக்கும். அடிப்பக்கம் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகும்.

திருச்சி பாலக்கரையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சைலன்சர் மாற்ற என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி அரித்துப்போன வண்டியோடு வருகிறவர்கள்தான். பால் ஊற்றுகிறவர், கூரியர் கொடுக்கும் பையன், பள்ளிக்கூட ஆசிரியர். கம்பெனி சைலன்சரின் விலையைக் கேட்டதும், "வேற வழி இல்லையாண்ணே?" என்பார்கள். வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நல்ல சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடுகிற ஒன்றை மாட்டச் சொல்லி வருகிற இளைஞர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் போய் நிற்பது ஒரே கடை, கேட்பதும் ஒரே கேள்வி: குறைந்த விலையில் எது நல்லது?

அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் முதலில் காட்டுவது என் பட்டறை மேசைக்கு அடியில் கிடக்கும் அறுத்த சைலன்சர்களை. நீளவாக்கில் கட்டிங் வீல் வைத்து இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறேன். பழைய புல்லட்டின் கம்பெனி சைலன்சர் ஒன்று, 150 சிசி வண்டியுடையது ஒன்று, கடையில் மலிவாகக் கிடைக்கும் வகைகள் சில. கம்பெனி சைலன்சரின் உள்ளே மூன்று நான்கு அறைகள். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே தடுப்புத் தகடு, அதில் சிறு குழாய்கள். புகை நேராகப் போக முடியாது. முன்னே போய், திரும்பி, மறுபடி முன்னே போய்த்தான் வெளியேறும். ஒவ்வொரு அறையிலும் சத்த அலை சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு முட்டிப் பலம் இழக்கிறது. இன்னொரு வகையில், நடுவே துளையிட்ட ஜாலிக் குழாய், அதைச் சுற்றிக் கிளாஸ் வூல். அதில் சத்தம் பஞ்சுக்குள் நுழைந்து அடங்குகிறது.

மலிவான சைலன்சரைப் பிளந்தால் பலவற்றில் இரண்டுமே இல்லை. முன்னாலிருந்து பின்னால் வரை வெறும் குழாய். சிலவற்றில் ஜாலிக் குழாய் இருக்கும், சுற்றிலும் ஒரு கைப்பிடி கிளாஸ் வூல்தான் இருக்கும். சில மாதங்களில் அதுவும் சூட்டில் பொடிந்து காற்றோடு போய்விடும். வாங்கியபோது கனமாக, இனிமையாக இருந்த சத்தம், பிறகு தகரம் அதிர்கிற சத்தமாக மாறுவது இதனால்தான். பஞ்சை மாற்றலாம். ஆனால் பின் மூடி ரிவெட் அல்லது போல்ட் அடித்ததாக இருக்க வேண்டும். சுற்றிலும் வெல்டிங் வைத்து மூடிவிட்டிருந்தால், அறுத்தால்தான் உண்டு.

அதனால் கடையில் முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். உங்கள் பழைய சைலன்சரையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் இரு கைகளில் தூக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இரும்பில் செய்த புதுச் சைலன்சர் பழையதைவிடப் பாதி எடை இருந்தால், தகடு மெலிது, உள்ளே அறைகள் இல்லை. பிறகு போனில் டார்ச் போட்டு இரண்டு வாய் வழியாகவும் பாருங்கள். அந்தப் பக்க வெளிச்சம் நேராகத் தெரிந்தால் அது நேர்க்குழாய். ஆட்டிப் பாருங்கள், உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. வெல்டிங் வரி ஒரே சீராக ஓடியிருக்கிறதா, அல்லது அங்கங்கே பொட்டு வைத்து மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறதா என்று விரலால் தடவினால் தெரியும். ஆர்கான் வெல்டிங் செய்தவை மெல்லிய, நெருக்கமான வரியாக இருக்கும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கடைக்காரர்கள் காட்டுவார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். 304 என்கிற உயர்ந்த வகையில் காந்தம் ஒட்டாது, உண்மைதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்யும் மலிவான 200 வரிசை ஸ்டீலிலும் அது ஒட்டாது. அதே சமயம், பல வாகனக் கம்பெனிகள் சைலன்சருக்குப் பயன்படுத்தும் 409 வகையில் காந்தம் ஒட்டும். சூட்டையும் அரிப்பையும் அது பல ஆண்டுகள் தாங்குகிறது. காந்தத்தைவிட நான் நம்புவது பிராக்கெட்டை. சைலன்சரை சேஸியோடு பிடிக்கும் அந்தத் தகடு தடிமனாகவும், இரு பக்கமும் வெல்டிங் வைத்தும், ரப்பர் புஷ்ஷுக்கு இடம் விட்டும் இருந்தால், செய்தவர் வேலை தெரிந்தவர். சைலன்சர் முதலில் உடைவது பெரும்பாலும் அங்கேதான். மெல்லிய பிராக்கெட் முறிந்து, குழாய் சாலையில் இழுபட்டுக்கொண்டு வந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, புதுப்பேட்டை இருக்கிறது. முன்னதில் புதுச் சாமான், பின்னதில் பிரித்த வண்டிகளின் பழைய சாமான். விபத்தில் முன்பக்கம் நசுங்கிப் பிரிக்கப்பட்ட வண்டியின் கம்பெனி சைலன்சர் நல்ல நிலையில் கிடைத்தால், லோக்கலில் புதிதாக வாங்குவதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து. மாடலும் வருடமும் ஒத்துப்போக வேண்டும், பில் வாங்க வேண்டும். 100 முதல் 150 சிசி வரையிலான பழைய வண்டிகளுக்கு, கம்பெனி வடிவத்திலேயே அறைகளோடு செய்து விற்கும் லோக்கல் சைலன்சர் எங்கள் பக்கம் ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பால்காரருக்கும் ஆசிரியருக்கும் நான் தயங்காமல் சொல்வது அதைத்தான். வாங்கும்போது அடிப்பக்கத்தில் சிறு வடிகால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து ஓட்டை என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அடைத்தால் சைலன்சரின் ஆயுள் பாதியாகிவிடும்.

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் கதை வேறு. எஞ்சினிலிருந்து இறங்கும் பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில மாடல்களில் பெண்ட் பைப்பின் வயிற்றில் இருக்கும், சிலவற்றில் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். தேன்கூடு போன்ற சிறு துளைகள் கொண்ட அந்தக் கட்டையின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை. கம்பெனி சைலன்சரின் விலை ஏறியதற்கு அதுவும் பெரிய காரணம். பழைய சைலன்சரைப் பழைய இரும்புக்காரர்கள் ஆவலாகக் கேட்பதும் அந்த உலோகங்களுக்காகத்தான். கழற்றியதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

உங்கள் வண்டியில் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும். பெண்ட் பைப்பில் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றலாம். அதைத்தான் ஸ்லிப்-ஆன் என்கிறார்கள். சென்சாரும் கன்வெர்ட்டரும் தொடப்படாமல் இருக்கும். சைலன்சருக்குள் இருந்தால், லோக்கல் சைலன்சரை மாட்டிய நிமிடத்திலிருந்து உங்கள் வண்டியின் புகை வடிகட்டப்படாமல் போகிறது. பின்னால் சைக்கிளில் வருகிற பிள்ளை அதைத்தான் மூச்சில் இழுக்கிறது. அந்த வண்டிகளுக்கு விலை பார்க்காமல் கம்பெனி சைலன்சரே வாங்குங்கள் என்பேன். சிறு ஓட்டையாக இருந்தால் வெல்டிங் வைத்து இரண்டு மூன்று ஆண்டு ஓட்டலாம். அதற்காகப் பேட்டரி இணைப்பைக் கழற்றி, சைலன்சரையும் வண்டியிலிருந்து பிரித்துத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். மாட்டியபடியே வைத்தால் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

இனி அந்த இளைஞர்கள். சென்ற வருடம் ஒரு கல்லூரி மாணவர் போனில் வீடியோ காட்டிக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இது அக்ரபோவிச். ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கே தர்றாங்க. மாட்டினா பிக்கப் ஏறும்ல?"

"தம்பி, அது ஸ்லோவேனியா நாட்டுக் கம்பெனி. டைட்டானியத்தை அவங்களே உருக்கி வார்க்கிறவங்க. அந்த விலைக்கு அவங்க ஸ்டிக்கர்தான் வரும்."

"ஸ்டிக்கர் கிடக்கட்டும்ணே, பவர் ஏறுமா ஏறாதா?"

நியாயமான கேள்வி. சத்தம் கூடினால் வேகம் கூடியது போலக் காதுக்குத் தோன்றும், இது எல்லாருக்கும் நடப்பதுதான். எஞ்சினின் கணக்கு வேறு. வால்வு திறந்ததும் பாயும் புகை, குழாயில் வேகமாக ஓடித் தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை உண்டாக்குகிறது. அந்தக் குறைவுதான் மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதுக்காற்று உள்ளே வர உதவுகிறது. எந்த ஆர்பிஎம்மில் அந்த உதவி கிடைக்க வேண்டும் என்று பார்த்துத்தான் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் கம்பெனி தீர்மானிக்கிறது. அகலக் குழாயை மாட்டினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். காந்தி மார்க்கெட் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிறவருக்கு அந்த இழுவைதான் தேவை. 150, 200 சிசி வண்டியில் ஸ்லிப்-ஆன் மட்டும் மாற்றி உட்கார்ந்தபடி உணரக்கூடிய சக்தி ஏறாது. எடை ஓரிரு கிலோ குறையலாம், அவ்வளவுதான். அவரிடம் நான் இதைச் சொல்லி, அறுத்து வைத்ததையும் காட்டினேன். அவர் அந்தக் காசுக்கு இரண்டு நல்ல பிரேக் ஷூவும் செயின் செட்டும் மாற்றிக்கொண்டு போனார். எனக்கு அன்று முழுக்க மனம் நிறைந்திருந்தது.

கார்புரேட்டர் வண்டியில் திறந்த சைலன்சரை மாட்டினால், பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் கெட்டுக் காற்று மிகுதியாகிவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிப்பதும், பெண்ட் பைப் நீலம் பாய்வதும் அதன் அடையாளம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சரி, வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும், அதோடு மைலேஜும் குறையும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஆனால் முழு ஆக்சிலேட்டரில் பல வண்டிகளில் அது சென்சாரைக் கேட்பதில்லை, முன்பே எழுதிவைத்த கணக்கைத்தான் பின்பற்றும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1985 முதல் 1996 வரை விற்ற ஆர்எக்ஸ்100ஐ இன்னும் கண்ணாடி போல் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் எஞ்சினின் உறுப்பு. விரிந்து பிறகு குறுகும் அந்த வயிறு, அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே ஓடிவிடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் நாட்டைவிட்டு வெளியேறி சுஸூகியில் சேர்ந்தார். 1962இல் சுஸூகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். ஒரு குழாயின் வடிவத்துக்கு அவ்வளவு மதிப்பு. அதை அறுத்துச் சின்னதாக்கினால் வண்டி உயிர் இழந்துவிடும். ஆர்எக்ஸில் பின்னாலிருக்கும், சத்தம் குறைக்கும் பேஃபிள் குழாயை உருவி, கார்பன் சுத்தம் செய்து மறுபடி போடுங்கள். பல வண்டிகளில் 'இழுக்கவில்லை' என்ற குறை அதோடு தீர்ந்துவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், கடைக்காரர் சொல்ல மாட்டார். புது இருசக்கர வாகனங்களுக்கான சத்த வரம்பு 80 சிசி வரை 75 டெசிபெல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. ஓடும் வண்டியிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 120ஆம் விதி, சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் எல்லா வண்டிக்கும் வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதம் இழக்க வேண்டிவரும். அனுமதியில்லாத மாற்றம் செய்தால் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய். சைலன்சர் வாயில் செருகும் சத்தக் குறைப்பியைக் காட்டி, "டிபி கில்லர் போட்டிருக்கு, போலீஸ் பிடிக்காது" என்று விற்பவர் சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை. வண்டி மாடலுக்கு ஒப்புதல் வாங்கும்போது அதன் சைலன்சரோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். தோற்றம் மாறினால் நிறுத்துவார்கள். புது வடிவம்தான் வேண்டும் என்றால், உங்கள் வண்டியின் கம்பெனியே அந்த மாடலுக்கு ஒப்புதலோடு விற்கும் சைலன்சர் இருக்கிறதா என்று ஷோரூமில் முதலில் கேளுங்கள்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. என் ஒர்க்‌ஷாப்புக்கு நாலு வீடு தள்ளி ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இரவு பத்து மணிக்கு மேல் ஒரு புல்லட் வெறுங்குழாயோடு அந்தத் தெருவில் போனால், மாடியில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரியும். அப்போதுதான் தூங்க வைத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டிகள் வராந்தாவில் நடப்பதைக் கீழிருந்து பார்க்கலாம். புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் ஐடிலிங்கில் நொடிக்கு எட்டுத் தடவைபோல வெடிக்கும், அந்தத் தாளத்தை எனக்கும் பிடிக்கும். கம்பெனி சைலன்சரிலேயே அது கேட்கும். ஓட்டுகிறவருக்குக் கேட்டால் போதும். வெறுங்குழாயை மாட்டித்தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கூலி எவ்வளவு கொடுத்தாலும் செய்வதில்லை.

சத்தத்தை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். போனில் உள்ள டெசிபெல் ஆப் துல்லியமானதல்ல, ஆனால் பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில், ஒரே ஆர்பிஎம்மில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு கூடியது என்று தெரியும். கடைக்காரர் மாட்டிக் காட்டச் சம்மதித்தால் இதைச் செய்துவிட்டே பணம் கொடுங்கள்.

வெப்பத் தடுப்புத் தகடும் அவசியம் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம் இருக்கிறது. வலப்பக்கமாக இறங்கும் பிள்ளையின் கெண்டைக்கால் நேராக அதில்தான் படும். மலிவான சைலன்சர்களில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்தத் தகடுதான். இல்லாவிட்டால் தனியாக வாங்கிக் கிளாம்ப் போட்டு மாட்டலாம், செலவு சில நூறுதான்.

மாட்டும்போது எஞ்சின் வாயில் புதுப் பேக்கிங் போடச் சொல்லுங்கள். பழைய செம்பு வளையத்தை மறுபடி போட்டால் இடைவெளி விழும். பிஎஸ்6 வண்டியில் அந்த இடைவெளி வழியே வெளிக்காற்று புகுந்து, சென்சார் தப்பாகக் கணக்குப் போட்டு, பெட்ரோலைக் கூட்டிவிடும். "சைலன்சர் மாத்தினதிலேருந்து மைலேஜ் இல்லை" என்பவர்களில் பலருக்குக் காரணம் அந்தச் சின்ன வளையம். எல்லா நட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, குழாய் தானாக இடத்தில் உட்கார்ந்த பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்க வேண்டும். பிராக்கெட்டை இழுத்துப் பிடித்துப் போல்ட் போடுகிற நிலை வந்தால் அந்தச் சைலன்சர் உங்கள் வண்டிக்குரியதல்ல, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்து, மடித்த ஈரத்துணியால் பின் வாயை ஒரு நொடி அடைத்துப் பாருங்கள், இணைப்பில் எங்காவது புஸ்ஸென்று கேட்டால் கசிவு. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு தடவை இறுக்குங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. சூட்டோடு முறுக்கினால் ஹெட்டில் உள்ள ஸ்டட் அறுந்துவிடும். அறுந்த ஸ்டட்டைத் துளைபோட்டு எடுத்து மரை வெட்டித் தருகிற கூலி, பல நேரம் அந்தச் சைலன்சரின் விலையைத் தொட்டுவிடுகிறது.